பந்து தேயிலைக்குள் போனால்

இந்த நூற்றாண்டு மலருக்குப் பாடசாலையின் விளையாட்டு வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நாம் முதலில் தேடியது வென்ற கிண்ணங்களின் பட்டியலைத்தான். அது நீளமான பட்டியல் அல்ல. ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. இம்மலரின் வேறோர் இடத்தில் அதைக் காணலாம். ஆகவே பழைய மாணவியரிடம் கடிதமும் தொலைபேசியுமாக விசாரிக்கத் தொடங்கினோம். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள், கொழும்பில் குடியேறியவர்கள், கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருப்பவர்கள், லண்டன், டொரொன்டோ என்று போனவர்கள் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் காலத்தில் என்ன விளையாடினீர்கள், என்ன ஞாபகம் இருக்கிறது? வெற்றியைப் பற்றிச் சொன்னவர்கள் மிகச் சிலர். அநேகமாக எல்லோரும் சொன்னது சண்டையைப் பற்றி. அதுவும் எந்தக் காலத்தவரும் ஒரே சண்டையைத்தான் சொன்னார்கள்: அது அவுட்டா, இல்லையா?

எழுபது வயதைக் கடந்த ஓர் அக்கா, இன்றும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை என்று தொலைபேசியிலேயே குரலை உயர்த்தினார். எனவே இக்கட்டுரை கிண்ணங்களைப் பற்றியதல்ல. எமது மைதானத்துக்கு விளையாட்டுகள் எப்படி வந்தன, அவற்றின் விதிகள் எவ்வளவு பிந்தி வந்தன என்பதைப் பற்றியது.

மைதானம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மலைநாட்டில் சமதரை எவ்வளவு அருமையானது என்பது இங்கு பிறந்தவர்களுக்குத் தெரியும். சமமான இடத்தில் துரைமார் தங்களுக்கு மைதானம் அமைத்துக்கொண்டார்கள். டிக்கோயாப் பக்கம் தரவளையிலும், நானுஓயாவுக்கு அருகே ரதெல்லையிலும் அவர்களுடைய கிளப்புகளின் பச்சைப் புல்வெளிகள் இருந்தன. மிச்சமிருந்த சரிவெல்லாம் தேயிலை. எமக்குக் கிடைத்தது பாடசாலைக் கட்டடத்துக்குக் கீழே வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண் திட்டு, ஒரு பக்கம் வீதி, இரண்டு பக்கம் தேயிலை. நடுவே மழைநீர் ஓடும் கான் ஒன்று. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அதுவே பெரிய மைதானம். லயத்துக்கு முன்னாலுள்ள முற்றத்திலும், யாரும் விரட்டாத நேரங்களில் பிரட்டுக்களத்திலும் துணிப்பந்து உருட்டி விளையாடியவர்கள் அவர்கள்.

ஆகவே எமது முதலாவது விதியை எந்தப் புத்தகத்திலிருந்தும் நாம் எடுக்கவில்லை. பந்து தேயிலைக்குள் போனால் இரண்டு. கானுக்குள் போனால் பந்தை எடுக்கும்வரை ஆட்டம் நிற்கும். வீதிக்குப் போனால், பஸ் வராவிட்டால் மட்டும் ஓடலாம். இந்த விதிகளை யார் செய்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் மூன்று தலைமுறை மாணவியர் இதையே சொல்கிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று: தேயிலைக்கு இரண்டா, மூன்றா என்பதில்தான் எண்பதுகளில் படித்தவர்கள் மற்றவர்களோடு முரண்படுகிறார்கள்.

எமக்குக் கிடைத்த மிகப் பழைய நினைவு ரவுண்டர்ஸ் பற்றியது. வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர் கற்றுக்கொடுத்த விளையாட்டு என்று, தமது தாயார் சொல்லக் கேட்டதாக ஒரு பழைய மாணவி எழுதியிருக்கிறார். சிறிய துடுப்பால் பந்தை அடித்துவிட்டு நான்கு கம்பங்களைச் சுற்றி ஓட வேண்டும். அடித்த பிறகு துடுப்பைக் கீழே போடுவதா, கையில் பிடித்தபடி ஓடுவதா என்பதில் அன்றே சண்டை. இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் விதிப்படி துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஓட வேண்டும். அது எம்மவருக்குப் பெரும் வியப்பாக இருந்திருக்கிறது. ஓடுகிறவளுக்கு அது வீண் பாரம்தானே! ஆசிரியை பார்க்கும்போது துடுப்புடனும், பார்க்காதபோது துடுப்பில்லாமலும் ஓடினார்களாம். இங்கிலாந்திலேயே ரவுண்டர்ஸுக்கெனத் தேசியச் சங்கம் ஒன்று அமைந்தது 1943ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் அங்கும் ஊருக்கொரு வழக்கம் இருந்திருக்கும். எமது தாய்மாரைக் குற்றம் சொல்ல இடமில்லை.

வலைப்பந்தாட்டத்துக்கு வருவோம். எமது பாடசாலையின் விளையாட்டு என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். இலங்கையில் இது முதன்முதல் 1921ஆம் ஆண்டில் பெண் சாரணியரால் விளையாடப்பட்டது. அங்கிருந்து பெண்கள் பாடசாலைகளுக்குப் பரவியது. இதன் கதையே ஒரு விதிக் குழப்பத்தின் கதை.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளைப் பல்கனியில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைத் தொடங்கினார். அவர் எழுதிய விதிகள் பதின்மூன்று. நியூ ஓர்லியன்ஸில் பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்பயிற்சி கற்பித்த கிளாரா பேயர் அந்த விதிகளைக் கேட்டுக் கடிதம் எழுதினார். நெய்ஸ்மித் அனுப்பிய வரைபடத்தில், ஆடுவோர் எங்கெங்கே நின்றால் நல்லது என்று காட்டச் சில கோடுகள் இருந்தன. பேயர் அவற்றைத் தாண்டக்கூடாத எல்லைகள் என்று விளங்கிக்கொண்டார். அவரது மாணவியர் அவரவர் கட்டத்துக்குள் நின்றே ஆடினார்கள். அந்த விதிகளை அவர் 1895இல் வெளியிட்டும் விட்டார். பெண்களின் ஆடுகளத்தைப் பிரிக்கும் வழக்கம் வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காகவும் தோன்றியது. ஆனாலும் ஒரு கல்லூரி ஆசிரியையே படத்தைப் பார்த்துத் தவறாக விளங்கிக்கொண்டார் என்பது எமக்குப் பெரிய ஆறுதல்.

இங்கிலாந்துக்குப் போன ஆட்டத்தில் கூடைகள் வளையங்களாக மாறின. களம் மூன்றாகப் பிரிந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது நின்றது. பெயரும் நெட்போல் ஆயிற்று. ஆனால் அவுஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் அதே ஆட்டத்தைப் பெண்கள் கூடைப்பந்து என்றே 1970ஆம் ஆண்டுவரை அழைத்தார்கள். பெயர் போகட்டும். இங்கிலாந்தில் ஓர் அணிக்கு ஏழு பேர், நியூஸிலாந்தில் நீண்ட காலமாக ஒன்பது பேர். இரு நாட்டவரும் எதிர்ப்பட்டிருந்தால் ஆட்டத்துக்கு முன்னர் கணக்குத்தான் பேச வேண்டியிருந்திருக்கும்.

இதை அறிந்த பிறகுதான் எமக்கு ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. ஐம்பதுகளில் படித்த இரு சகோதரிகளிடம் விசாரித்தோம். மூத்தவர், எமது அணியில் ஒன்பது பேர் என்று உறுதியாகச் சொன்னார். இளையவர், ஏழு பேர்தான், அக்காவுக்கு வயதாகிவிட்டது என்றார். இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்தது எமது பிழை. பத்து நிமிடம் அவர்களே பேசிக்கொண்டார்கள், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். எமது கருத்து, இருவரும் சொல்வது சரியாக இருக்கலாம் என்பதே. அந்த ஆண்டுகளில் எந்த நாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியை வந்தாரோ, எந்த நாட்டில் அச்சான கைநூல் கிடைத்ததோ, அந்த நாட்டின் எண்ணிக்கைதான் களத்தில் நின்றிருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டவரும் கூடிய இடம் எது என்று எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இலங்கைதான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இங்கு கூடி, அணிக்கு ஏழு பேர் என்பது உட்பட ஒரே விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். சர்வதேசச் சம்மேளனமும் அப்போதுதான் உருவாயிற்று. 1956இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் இங்கு இறங்கிய அவுஸ்திரேலிய அணியுடன் இலங்கை தனது முதலாவது சர்வதேசப் போட்டியை ஆடியிருந்தது. 1963இல் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியின் பதினொரு அணிகளிலும் இலங்கை ஒன்று. இன்று ஆசியக் கிண்ணத்தை இலங்கை பலமுறை வென்றிருக்கிறது. 2009இலும் 2018இலும் வென்ற அணிகளில் வளையத்தின் கீழ் நின்றவர் யாழ்ப்பாணத்துப் பெண்ணான தர்ஜினி சிவலிங்கம். எமது பிள்ளைகள் அவருடைய படத்தைப் பத்திரிகையில் வெட்டிக் கொப்பி உறைக்குள் வைத்திருந்தார்கள்.

விதி தீர்ந்தது இலங்கையில். தீர்ந்த விதி ஹட்டனுக்கு வரப் பல ஆண்டுகள் எடுத்தன. அதற்குக் காரணம் இருக்கிறது. அதே 1960 டிசம்பரில்தான் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. எமது பாடசாலையும் அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் விளக்கிய ஆசிரியைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். கற்பித்தல் முழுவதும் தமிழில் நடந்தது. அது நல்லதுதான், தோட்டத்துப் பிள்ளைகள் மேல்வகுப்புவரை வர அதுவே வழி திறந்தது. ஆனால் விதிப்புத்தகம் ஆங்கிலத்திலேயே இருந்தது. பின்னர் சிங்களத்தில் வந்தது. தமிழில் எமது கைக்கு ஒன்றும் வரவில்லை. விதி ஒரு டீச்சரின் வாயிலிருந்து அடுத்த டீச்சரின் காதுக்குப் போயிற்று. வாய்வழி போவது வழியில் கொஞ்சம் மாறும்.

உதாரணமாக, பந்து வைத்திருப்பவளைத் தடுப்பவள் மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அக்காலத்தில் வலைப்பந்தின் முக்கிய விதியாக இருந்தது. எமது பாடசாலையில் அது ஒரு கை நீளம் என்று ஆகியிருந்தது. யாருடைய கை? உயரமான பிள்ளையின் கையா, குட்டையான பிள்ளையின் கையா? எழுபதுகளில் ஒரு டீச்சர் மூன்று அடிக்கோல்களை ஒன்றாகக் கட்டி, அதைக் கையில் பிடித்தபடியே நடுவராக நின்றாராம். அடிக்கோலைக் கண்ட பிள்ளைகள் மூன்று அடி அல்ல, ஆறு அடி தள்ளி நின்றார்கள் என்பது தனிக்கதை.

சிரிப்பதற்கு இல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக இருந்த ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். எஞ்சியவர்களைப் பத்தாண்டுகள் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எழுபதுகளில் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயிலேறி, இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். வகுப்பில் ஒவ்வொரு தவணையிலும் சில கதிரைகள் காலியாயின. அப்படியொரு தவணையில் எமது வலைப்பந்து அணியில் இரண்டு பேர் போய்விட்டார்கள். புதிதாக ஒருத்தியைப் பழக்கினார்கள்; போட்டிக்கு முதல் வாரம் அவளுடைய குடும்பத்துக்கும் நாள் வந்துவிட்டது. ஆறு பேரோடு போன அணியை, ஏழு பேர் இல்லை என்று சொல்லிக் களத்தில் இறக்கவில்லை. நடுவர் சொன்னார், டீச்சர் தலையாட்டினார், பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

இன்றைய விதிப்படி ஐந்து பேர் நின்றாலே ஓர் அணி ஆடலாம். அந்த ஆறு பேரில் ஒருவர் இப்போது கோத்தகிரியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அவரும் அடுத்த ஆண்டே கப்பலேறியவர். இந்த விதியைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அஞ்சு பேருன்னா போதுமா? நாங்க ஆறு பேரு இருந்தோமே தாயி" என்றார்.

எல்லே என்னும் விளையாட்டு எமது பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்காமலே வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களக் கிராமங்களில் ஆடுவதைப் பார்த்துத் தோட்டங்களிலும் ஆடினார்கள். மூங்கில் தடி, டெனிஸ் பந்து, வட்டமாக ஓட வேண்டிய நிலைகள். ஓடுகிறவள் நிலைக்கு வருமுன் பந்தால் அவளுடைய உடம்பில் எறிந்து பட்டுவிட்டால் அவள் அவுட். எமது பிள்ளைகள் இதில் கெட்டிக்காரிகள். சரிவில் ஓடிப் பழகிய கால். காய்ந்த மிலாற்றை நட்டு வைத்துக் குறிபார்த்து எறிந்து பழகிய கை. இந்தக் கெட்டித்தனம்தான் பின்னர் எமக்கு வினையாயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் பாடசாலைக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. பெண்களுக்கான சொப்ட்போல் சிநேகபூர்வப் போட்டி, விருப்பமுள்ள பாடசாலைகள் வரலாம். இலங்கையில் சொப்ட்போல் என்றால் யாருக்கும் ஒரே பொருள்தான்: டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட். தமிழ்ப் பத்திரிகைகள் அதை மென்பந்து கிரிக்கெட் என்று எழுதும். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் எங்கள் அண்ணன் தம்பிமார் ஆடுவது அதுதான். பெண் பிள்ளைகளுக்கும் அழைப்பு வந்ததே என்று எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஆறு வாரம் பயிற்சி செய்தோம். துடுப்பு அண்ணன்மாரிடம் இரவல். எம்மில் இருவர் அந்த அணியில் இருந்தவர்கள் என்பதால் இதை நேரில் கண்டதாகவே எழுதுகிறோம்.

அதிகாலை நாலு மணிக்கு ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மைதானத்தைப் பார்த்து நின்றோம். விக்கெட் இல்லை. சுண்ணாம்பால் வைரம்போலச் சாய்வாக ஒரு சதுரம். மூலைகளில் வெள்ளைத் திண்டுகள். பிள்ளைகளின் ஒரு கையில் பெரிய தோல் கையுறை. பந்தைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு கைக்கும் நிறைகிற பந்து, பெயரில்தான் மென்மை. எமது டீச்சர் வாயைத் திறக்காமல் பையை மெதுவாகக் கீழே வைத்தார். அதற்குள் இரவல் கிரிக்கெட் துடுப்பு இருந்தது.

அந்த ஆட்டத்தின் வரலாற்றைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டோம். 1887இல் சிக்காகோவில், கூடியிருந்த இளைஞர்கள் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைக் கட்டிப் பந்தாக்கி, விளக்குமாற்றுக் கட்டையால் மண்டபத்துக்குள் அடித்து விளையாடியதில் பிறந்தது அது. ஊருக்கு ஊர் வேறு பெயர், வேறு அளவுப் பந்து, வேறு தூரம். சொப்ட்போல் என்ற பெயரே 1926இல்தான் வந்தது. ஒரே விதியென்று ஒன்று 1934இல் ஏற்பட்டது. அப்படியும் சிக்காகோவில் இன்றுவரை பதினாறு அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தைக் கையுறை இல்லாமல் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்; மற்ற இடங்களில் பெரும்பாலும் பன்னிரண்டு அங்குலம். அன்று மைதானத்தில் நின்றபோது இதெல்லாம் எமக்கு எங்கே தெரியும்?

அழைத்த பாடசாலையினர் நல்லவர்கள். அவர்களுடைய ஆசிரியை கால் மணி நேரம் சிங்களத்தில் விளக்கினார். எமது டீச்சர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார். கையுறைகளையும் அவர்களே தந்தார்கள். ஆடினோம். எமது முதலாவது பிள்ளை பந்தைப் பின்பக்கமாகத் தட்டிவிட்டு ஓடினாள். கிரிக்கெட்டில் அது அழகான நான்கு ஓட்டம். இங்கே கோட்டுக்கு வெளியே போன பந்து, கணக்கில்லை, திரும்பி வா என்றார்கள். இரண்டாவது பிள்ளை நேராக அடித்துவிட்டு, பந்து தடுப்பாளரிடம் போவதைப் பார்த்து ஓடாமல் நின்றாள். கிரிக்கெட்டில் அதுதான் புத்தி. இங்கே களத்துக்குள் அடித்தால் ஓடியே ஆக வேண்டும்; நின்றவள் அவுட். மூன்றாவது பிள்ளை மூன்று பந்தையும் தவறவிட்டாள். பின்னால் நின்றவள் கடைசிப் பந்தைப் பிடிக்காமல் நழுவவிட்டதும் எதிரணியினரே "ஓடு, ஓடு" என்று எமது பிள்ளைக்குக் கை காட்டினார்கள். அவள் எதற்கு ஓட வேண்டும் என்று விளங்காமல் நின்றாள். இன்றும் இந்த விதியை விளக்கினால் பாதிப் பேர் நம்புவதில்லை: மூன்றாவது பந்தைப் பின்னால் நிற்பவள் பிடிக்கத் தவறி, முதல் நிலையும் காலியாக இருந்தால், அடிக்கத் தவறியவளும் ஓடலாம்.

இதுவரை சிரிப்புத்தான். அவர்களும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம்.

பிறகு அவர்கள் அடிக்கும் முறை. ஒரு பிள்ளை பந்தை அடித்துவிட்டு முதல் நிலையைத் தாண்டி இரண்டாவதை நோக்கி ஓடினாள். பந்து எமது அணியின் மிகச் சிறந்த எறிகாரியிடம் வந்தது. அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எல்லேயில் எப்படி எறிவாளோ அப்படி எறிந்தாள். குறி தப்பவில்லை. காதுக்கு மேலே பட்டது. ஓடிய பிள்ளை அப்படியே விழுந்தாள். எமது பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "அவுட்!" என்று கத்தித் துள்ளினாள். மைதானத்தில் துள்ளியது அவள் ஒருத்திதான்.

சொப்ட்போலில் ஓடுகிறவள் மீது பந்தை எறிவதால் அவள் அவுட் ஆவதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் தொட வேண்டும், அல்லது அவள் போயே ஆக வேண்டிய நிலையில் அவளுக்கு முன் பந்தோடு கால் வைக்க வேண்டும். கால் மணி நேர விளக்கத்தில் இது சொல்லப்பட்டதா என்று அந்த அணியில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. சொல்லியிருக்கலாம். தொட வேண்டும் என்றால், பந்து பட்டாலும் தொட்டதுதானே என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். தமிழில் "படுவது" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும்.

விழுந்த பிள்ளைக்கு இரண்டு தையல் போட்டார்கள். பெரிய ஆபத்தில்லை. ஆனால் எமது பிள்ளை வேண்டுமென்றே எறிந்துவிட்டு அதற்குச் சந்தோஷப்பட்டாள் என்றுதான் சுற்றி நின்றவர்களுக்குத் தோன்றியது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். சிங்களம் தெரியாதவர்களுக்குக்கூட அது விளங்கியது. டீச்சர் மன்னிப்புக் கேட்டார், எமது பிள்ளையும் அழுதுகொண்டே கேட்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒருவரும் பாடவில்லை. கினிகத்தேனை ஏறும்வரை ஒரு பேச்சும் இல்லை. அந்தப் பிள்ளை அதன் பிறகு பந்தைத் தொடவே இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டியிலும் பெயர் கொடுக்கவில்லை.

அந்த டிசம்பர் விடுமுறையில் எமது டீச்சர் ஒரு காரியம் செய்தார். கொழும்பிலிருந்த நண்பி ஒருவர் மூலம் ஆங்கில விதிக் கைநூலொன்றைப் பிரதியெடுத்து வரவழைத்து, அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு சீ.ஆர். கொப்பியில் முழுவதையும் தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் அவர் பெரிய பண்டிதர் அல்ல. நிலைக்குத் "தளம்" என்று போட்டுவிட்டுப் பிறகு வெட்டி, எல்லேயில் பிள்ளைகள் சொல்கிற "நிலை" என்றே எழுதினார். கோட்டுக்கு வெளியே போகும் பந்துக்குப் "புறப்பந்து". பந்தோடு தொடுவதைப் பற்றிய பகுதியை மட்டும் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார்: "பந்து கையை விட்டுப் போகக் கூடாது. எறிந்து படுவது தொடுவது ஆகாது."

ஓரிடத்தில் அவரும் தோற்றிருக்கிறார். ஒரு பந்து நேராக மேலே எழும்பி, முதல் இரண்டு நிலைகளிலும் ஓட்டக்காரிகள் நிற்கும்போது கீழே இறங்கினால், தடுப்பாளர் அதைப் பிடிக்காமல் விட்டாலும் அடித்தவள் அவுட். அதற்குக் கீழே, "ஏன் என்று விளங்கவில்லை" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. ஏனென்றால், அந்த விதி இல்லாவிட்டால் தடுப்பாளர் வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டு, ஓடுவதா நிற்பதா என்று தவிக்கும் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் அவுட் ஆக்கிவிடலாம். ஏமாற்றைத் தடுக்க வந்த விதி அது. டீச்சர் எதையும் ஏமாற்றாக யோசித்துப் பார்க்கிறவர் அல்லர். அதனால்தான் விளங்கவில்லை என்று நாம் நினைக்கிறோம்.

அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டிலிருந்து பிள்ளைகள் எல்லேயையும் சொப்ட்போலையும் தனித்தனியாகப் பழகினார்கள். எதிர்த்து விளையாடப் பக்கத்தில் வேறு அணி இல்லாததால் தமக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். பிறகு வலைப்பந்து, எல்லே விதிகளும் அதே கொப்பியில் சேர்ந்தன. கையெழுத்துகள் மாறுகின்றன, குறைந்தது நாலு டீச்சர்மார் எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் மதிய உணவுக் கணக்கும் இருக்கிறது.

பந்தெறிந்த அந்தப் பிள்ளை இன்று தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறார். இக்கட்டுரையில் அன்று நடந்ததை எழுதலாமா என்று கேட்டோம். பெயர் வேண்டாம், எழுதுங்கள் என்றார். எறிந்ததைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லையாம். அது தெரியாமல் செய்தது. "நான் கையத் தூக்கினேனே, அதத்தான் மறக்க முடியல" என்றார். அந்தக் கொப்பியைப் பற்றிச் சொன்னபோது, அதன் சிவப்பு மைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டார். அனுப்பினோம். தன் பாடசாலைப் பிள்ளைகளுக்காக அதைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார்.

கொப்பி இப்போது பாடசாலை நூலகத்தில் இருக்கிறது. நடுவே பதினொன்றாம் பக்கத்திலிருந்து பதினாறாம் பக்கம்வரை இல்லை. யாரோ அழகாகக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். எமது மைதானத்துக்கென்று உள்ள விதிகள் அந்தப் பக்கங்களில் இருந்தன என்று டீச்சர் சொல்கிறார். பதினேழாம் பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்குகிறது: "...தேயிலைக்குள் போனால் இரண்டு." அதற்கு மேல் வேறொரு கையெழுத்தில் மூன்று என்று திருத்தியிருக்கிறது. பக்கங்களை வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் பழைய மாணவியர் சங்கத்துக்கு அனுப்பிவைக்கவும். எண்பதுகளில் படித்தவர்களை நாம் சந்தேகப்படவில்லை, ஆனாலும் முதலில் அவர்களைத்தான் கேட்கிறோம்.